அகலம் தெரியாத தாள்



2011 செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நாளிதழான ‘தி பாஸ்டன் குளோப்’ புதிய இணையதளம் ஒன்றைத் திறந்தது. 1872-இல் தொடங்கிய பத்திரிகை அது. அதுவரை அதன் செய்திகள் பாஸ்டன் டாட் காம் என்ற இலவசத் தளத்தில் வந்துகொண்டிருந்தன. 1995 முதல் இயங்கிவந்த தளம். செய்தி, விளம்பரம், வானிலை, விளையாட்டு எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற இடம். நிர்வாகம் பத்திரிகையையும் அந்தத் தளத்தையும் பிரித்தது. இலவசத் தளம் தன் போக்கில் போகட்டும். பத்திரிகையின் எழுத்தைச் சந்தா கட்டிப் படிப்பவர்களுக்குத் தனித் தளம் வேண்டும் என்று முடிவானது. அன்றைய சந்தா வாரத்துக்கு 3 டாலர் 99 சென்ட்.

அந்தத் தளத்தை வடிவமைத்தவர்களின் வேலைமுறையைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தொழில்நுட்பமாக மட்டும் பார்க்காமல், ஒரு கலையாக வைத்தே எடைபோட விரும்புகிறேன்.

அச்சுக்கு வேலை செய்கிற லேஅவுட் கலைஞருக்கு ஒரு நிம்மதி உண்டு. தாளின் அளவு அவருக்குத் தெரியும். சுவரொட்டியோ கல்யாணப் பத்திரிகையோ, நான்கு ஓரங்களையும் கோடு போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே எதையும் வைக்க ஆரம்பிப்பார். வெற்றிடம் எவ்வளவு விடலாம் என்பதைக்கூட அந்த ஓரங்களை வைத்துத்தான் தீர்மானிப்பார். இணையத்துக்கு வரைகிறவருக்கு அந்த நிம்மதி முதல் நாளிலிருந்தே கிடையாது. ஆனாலும் வெகுகாலம் இருப்பதுபோலப் பாவனை செய்தார்கள். கணினித் திரை பெரும்பாலும் இவ்வளவு அகலம்தான் என்று வைத்துக்கொண்டு, 960 பிக்சலில் ஒரு சட்டம் போட்டு அதற்குள் வரைந்தார்கள். 2007-இல் ஐபோன் வந்தது, அகலம் 320. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது; நிமிர்த்திப் பிடித்தால் 768, படுக்கவைத்தால் 1024. இதற்குமேல் பாவனை செல்லவில்லை. பல நிறுவனங்கள் கணினிக்கு ஒன்று, மொபைலுக்கு ஒன்று என இரண்டு தளங்களை வைத்துக்கொண்டு சமாளித்தன. மொபைல் தளம் எப்போதும் அரைகுறையாகவே இருக்கும். அந்தக் காலத்தில் மொபைலில் செய்தி படித்துப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

2010 மே மாதம் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் ‘எ லிஸ்ட் அபார்ட்’ என்னும் இணைய இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே தளம், எந்தத் திரைக்கும் தன்னை மாற்றிக்கொள்ளும் என்றார். அதற்கு அவர் சொன்னவை மூன்று: விகிதத்தில் அளக்கப்பட்ட பத்திகள், இடத்துக்கேற்பச் சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறிந்து அமைப்பை மாற்றும் கட்டளைகள். குளோப் வேலையில் அவரும் ஃபிலமென்ட் குரூப், அப்ஸ்டேட்மென்ட் என்ற இரு பாஸ்டன் நிறுவனங்களும் பத்திரிகையின் சொந்த வடிவமைப்புக் குழுவும் சேர்ந்துகொண்டார்கள். தினமும் செய்தி மாறுகிற பெரிய பத்திரிகை ஒன்று இந்த யோசனையை நம்பி இறங்கியது அதுவே முதல்முறை என்று சொல்லலாம்.

கணக்கு எளிது. 960 அகலமுள்ள பக்கத்தில் ஒரு பத்தி 300 பிக்சல் என்றால் அது 31.25 சதவீதம். 300 என்பதை அழித்துவிட்டு இந்தச் சதவீதத்தை எழுதிவிட்டால் பத்தி தானே விரியும், சுருங்கும். 1200 திரையில் அது 375 ஆகிறது, நன்றாக இருக்கிறது. 768-இல் 240 ஆகிறது. கணக்குப்படி சரிதான். ஆனால் 240 பிக்சலில் செய்தித் தலைப்பு நான்கு வரியாக மடியும்; வரிக்கு இரண்டு மூன்று சொல் தொங்கும்; படிப்பவர் கண் களைத்துப்போகும். மூன்று பத்தியை இரண்டாக்க வேண்டிய இடம் எது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. பிரவுசரின் ஓரத்தை மெல்ல மெல்ல இழுத்துக் குறுக்கிக்கொண்டே வந்து, எங்கே முகம் சுளிக்கத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கலை இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

இப்போது அந்த மூன்று பத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முதன்மைச் செய்தி. இடதுபக்கம் அன்றைய மற்றச் செய்திகள். வலதுபக்கம் மேலே ஒரு முக்கியமான கட்டுரை, அதன்கீழ் வானிலை, அதிகம் படிக்கப்பட்டவை. இதைத் தொலைபேசித் திரைக்குக் கொண்டுவரும்போது பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும்? வலதுபக்கத்து உச்சியில் இருந்த கட்டுரை இருபது செய்திகளுக்குக் கீழே போய் விழும். கணினியில் இரண்டாவதாகக் கண்ணில் பட்டது தொலைபேசியில் யாருக்கும் எட்டாது. ஆகவே பத்திகளைக் கலைத்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்க வேண்டும். எது எதற்குப் பிறகு வரும் என்பதைத் திரை மறந்து யோசிக்க வேண்டும். தலைவாழை இலையில் பரிமாறினாலும் சின்ன ஏட்டில் பரிமாறினாலும் உப்புக்கும் ஊறுகாய்க்கும் சோற்றுக்கும் இடம் மாறுவதில்லையே, அந்த மாதிரி ஒரு வரிசை. அந்த வரிசையை வடிவமைப்பாளர் தனியாக முடிவுசெய்ய முடியாது. ஆசிரியர் குழுவோடு உட்கார்ந்து, இந்தப் பெட்டி எதற்கு, இது இல்லாவிட்டால் யார் கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். இந்தப் பேச்சில்தான் பாதி வேலை முடிகிறது. கிளையன்ட்டுக்கு வண்ணங்களைக் காட்டிக் கைதட்டு வாங்குவது அதற்கு அப்புறம்.

கருவி விஷயத்தில் குளோப் தளத்தை வடிவமைத்தவர்கள் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இணையதளத்துக்கு மாதிரி வரைகிறவர்கள் அன்று போட்டோஷாப்பைத்தான் எடுப்பார்கள். அப்ஸ்டேட்மென்ட் குழுவினர் புத்தகமும் பத்திரிகையும் பக்கம் கட்டுகிற இன்டிசைனை எடுத்தார்கள். தலைப்புக்கு ஒரு பாணியை ஒருமுறை வகுத்துவிட்டால், பல அகலங்களில் வரைந்துவைத்த பக்கங்களிலும் அது ஒரே நேரத்தில் மாறும். அச்சுக்காரர்களின் பழைய கருவி, அச்சே இல்லாத வேலைக்குப் பொருந்திப்போயிற்று. பிறகு சீக்கிரமே பிரவுசருக்குப் போய்விட்டார்கள். வரைகிறவரும் நிரல் எழுதுகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்துத் திருத்தினார்கள். வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை.

தலைப்புகளுக்கு மில்லர் எழுத்துரு. அதை வரைந்தவர் மேத்யூ கார்ட்டர். கணினித் திரைக்கென்றே ஜார்ஜியா, வெர்டானா எழுத்துருக்களைச் செய்தவரும் அவர்தான். காகிதத்தில் குளோப் படித்துப் பழகியவர்களுக்கு மில்லர் தெரிந்த முகம். லோகோவைப் பெரிதாக்கி அடையாளம் காட்டாமல், தலைப்பெழுத்தின் நடையிலேயே பத்திரிகையை அடையாளம் காட்டிவிட்டார்கள். சுற்றிலும் தாராளமாக வெள்ளை. பிறகு படிக்கலாம் என்று செய்தியை எடுத்துவைத்துக்கொள்ள ஒரு வசதி. அவ்வளவுதான். செய்தி ஊடகங்களின் வடிவமைப்பாளர் சங்கமான சொசைட்டி ஃபார் நியூஸ் டிசைன் 2012-இல் அதை உலகின் சிறந்த வடிவமைப்புள்ள தளமாகத் தேர்ந்தெடுத்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. ஆப்பிள் நிறுவனம் 1998-லேயே கைவிட்டுவிட்ட நியூட்டன் என்ற கையடக்கக் கருவியில் ஒருவர் இந்தத் தளத்தைத் திறந்து பார்த்தார். செய்தி வந்தது, படிக்க முடிந்தது. அலங்காரம் எதுவும் இல்லாமலேயே செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும், வசதியுள்ள கருவிக்கு மேற்கொண்டு அழகு சேர்க்கலாம் என்று அடியிலிருந்து கட்டியதன் பலன் அது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அச்சு நாளிதழின் முதல் பக்கத்துக்கு ஒரு குரல் உண்டு. பெரிய செய்தி எட்டுப் பத்தியில் முழங்கும்; சின்னச் செய்தி மூலையில் முணுமுணுக்கும். தொலைபேசித் திரையில் எல்லாம் ஒரே பத்தியாக ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடுகிறது. மேலே கீழே என்ற வரிசை மிஞ்சுகிறது; பெரிது சிறிது மிஞ்சுவதில்லை. குளோப் குழுவாலும் இதை முழுக்கத் தீர்க்க முடியவில்லை. இன்றுவரை யாரும் தீர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, அவர்களுடைய தவறல்ல, அவர்கள் வழிவந்தவர்களுடையது. உத்தி பரவியது, உழைப்பு பரவவில்லை. ஆயத்த வார்ப்புருக்கள் வந்துவிட்டன. மேலே திரை நிறைய ஒரு படம், அதன்மேல் ஒரு வாசகம், கீழே மூன்று பெட்டி. வங்கியும் அப்படி, மருத்துவமனையும் அப்படி, பம்ப்செட் கம்பெனியும் அப்படி. எல்லாத் திரையிலும் ஒழுங்காகச் சுருங்கும். எதைச் சொல்ல வந்தது என்பது மட்டும் தெரியாது.

நம் மொழிக்கு வந்தால் வேலை இன்னும் கூடுகிறது. தமிழ்ச் சொற்கள் நீளம். நம் செய்தித்தாள்கள் பத்தி குறுகினால் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, இடையில் கோடுகூடப் போடாமல், அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். நமக்கும் படித்துப் பழகிவிட்டது. பிரவுசர் தானாக அப்படிச் செய்வதில்லை. இடைவெளி உள்ள இடத்தில்தான் வரியை மடக்கும். ஆங்கிலத்துக்கு வரைந்த தலைப்பளவில் ‘உள்ளாட்சித்துறை அமைச்சர்’ என்று போட்டுப் பாருங்கள். சின்னத் திரையில் முதல் சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும், சில சமயம் ஓரத்தைத் தாண்டி வெட்டுப்படும். மேலே இகரச் சுழியும் கீழே உகரக் கீற்றும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிட அதிக இடம் விட வேண்டும். விடாவிட்டால் ஒரு வரியின் கீற்று அடுத்த வரியின் சுழியில் போய் இடிக்கும். தமிழ் எழுத்தை ஆங்கில மாதிரியில் கடைசி நாளில் ஒட்டுகிற தளங்களில் இதைத் தினமும் பார்க்கிறோம்.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ நிறுவனத்துக்கோ தளத்தைப் புதுப்பிக்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடிவமைப்பாளரிடம் வண்ணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், வருகிறவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், இரண்டாவது எதை, எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அவர் காட்டும் மாதிரியைப் பெரிய திரையில் பார்த்துத் தலையாட்டாமல், உங்களிடம் உள்ளதிலேயே பழைய போனில், தமிழில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு அவர் கூடுதலாக ஒரு மாதம் கேட்டால் கொடுங்கள்.