உடம்புக்குள் பிடிக்கும் துரு

 

இன்று நுரையீரலைப் பற்றிப் பேசப் போகிறேன். முதலில் ஒரு கேள்வி. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா நம் நாட்டையே உலுக்கியது. பலருக்கு முதல் வாரம் வெறும் காய்ச்சல், இருமல்தான். இரண்டாவது வாரம் சிலருக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. ஏன் அப்படி?

பதில் நம் சமையலறையிலேயே இருக்கிறது. கத்தரிக்காயை நறுக்கி வெளியே வைத்தால் என்ன ஆகிறது? கறுத்துப் போகிறது. அதனால்தான் தண்ணீரில் போடுகிறோம். அரிவாள்மணையை ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கிறது. இரண்டுக்கும் காரணம் காற்றில் உள்ள பிராணவாயு. ஆக்சிஜன் என்பதும் இதுதான்.

பிராணவாயு இல்லாமல் நாம் உயிர்வாழ முடியாது. ஆனால் மற்றதைப் பற்றிக்கொண்டு அரிக்கும் குணமும் அதற்கு உண்டு. நெருப்பு எரிவதும் அதனால்தான். நெருப்பு அடுப்பில் இருந்தால் சோறு வேகும். கூரையில் பற்றினால்?

நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவை உடம்பின் காவல்காரர்கள். கிருமி நுழைந்தால், பிராணவாயுவைக் கொண்டே காரமான பொருள்களைச் செய்து அதன்மேல் வீசும். அதில் ஒன்று, கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரையும்போது உண்டாகும் அதே பொருள்!

சாதாரணச் சளியில் இந்தச் சண்டை அளவோடு முடிந்துவிடும். கடுமையான ஃப்ளூ, கொரோனா போன்ற நோய்களில் அப்படி இல்லை. காவல் படை கூட்டம் கூட்டமாக நுரையீரலுக்குள் புகுகிறது. அங்கே பல கோடி சின்னஞ்சிறு காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் சுவர் மிக மிக மெல்லியது. அந்தச் சுவர் வழியாகத்தான் பிராணவாயு ரத்தத்தில் சேர்கிறது. திருடன்மேல் எறிந்த கல் வீட்டுச் சுவரை உடைப்பது போல, கிருமிமேல் வீசியது அந்தச் சுவரையே அரிக்கிறது. நீர் கசிந்து பைகள் நிரம்புகின்றன. மூச்சு முட்டுகிறது.

இந்த அரிப்புக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ஆக்சிஜனேற்ற அழுத்தம். நாம் உடம்புத் துரு என்று சொல்லிக்கொள்வோம்.

இது விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்த உண்மை. ஜப்பான் விஞ்ஞானிகள் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃப்ளூ வந்த எலிகளுக்குத் துருவை அடக்கும் ஒரு பொருளை ஊசியாகப் போட்டார்கள். அது வைரஸைக் கொல்லும் மருந்து அல்ல. ஆனாலும் அந்த எலிகள் அதிகம் பிழைத்தன.

“அப்படியானால் துருவைத் தடுக்கும் சத்து மாத்திரை போதுமே?” என்று நீங்கள் கேட்கலாம். மனிதருக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. மருத்துவமனையில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு வைட்டமின் சி மருந்தை அதிக அளவில் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. பயன் இல்லை. நெல்லிக்காய், கொய்யா, கீரை எல்லாம் உடம்புக்கு நல்லவை. தினமும் சாப்பிடுங்கள். ஆனால் மூச்சு முட்டும்போது அவை மருந்து ஆகாது.

காவல் படையை அடக்கும் மருந்துதான் கைகொடுத்தது. அதன் பெயர் டெக்சாமெத்தசோன். அது விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்து. 2020இல் இங்கிலாந்தில் சோதித்தார்கள். மூச்சுக் கருவியில் இருந்தவர்களில் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அது பயன் தரவில்லை.

இதைக் கவனமாகக் கேளுங்கள். அடக்கினால் காவல் தளர்ந்துவிடும். 2021இல் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், ஸ்டீராய்டு மருந்தை முறையில்லாமல் எடுத்தவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குக் கண் போனது. ஆகவே கடையில் நாமே கேட்டு வாங்கக் கூடாத மருந்து இது.

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?

மூச்சைக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் விட்டாலும் இரண்டாவது வாரம் கவனம் வேண்டும். விரலில் மாட்டும் கருவியில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று நாடித்துடிப்பு. சதவீதக் குறி உள்ளது பிராணவாயு. 94 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. 93 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். 90க்குக் கீழே என்றால் ஆபத்து. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், அப்போதும் போங்கள்.

மும்பை தாராவியில் 2020இல் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் காய்ச்சலையும் இந்த எண்ணையும் பார்த்தார்கள். நோய் முற்றும் முன்பே பலரைக் கண்டுபிடித்தார்கள்.

பீடி, சிகரெட் புகையும் விறகுப் புகையும் நுரையீரலில் இதே துருவை ஏற்றும். அவற்றைக் குறையுங்கள். மருத்துவர் சொல்லும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கிருமியைக் காவல் படை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்ளும். நோய் முற்றும் ஆபத்து குறையும்.

93, 94 என்ற எண்களைப் படிக்க இனி நமக்கு அடுத்தவர் உதவி வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காலையும் மாலையும் எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். நீங்கள் எழுதிய அந்தத் தாள் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

கேள்வி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.