64 பேர் போட்ட ஒரே கணக்கு

நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்க்கும் வேலை வந்து சேரும். பத்து வகுப்புகளைப் பத்து ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் மாலைக்குள் வேலை முடியும். பிரித்துக் கொடுக்காமல், "எல்லோரும் கூட்டுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால்? பத்துப் பேரும் முதல் வகுப்பிலிருந்தே தொடங்கியிருப்பார்கள். உழைப்போ பத்து மடங்கு. பயனோ ஒரு மடங்கு.

கணிப்பொறிகளுக்கும் இத்தவறு நேரும் என்பதை என் பழைய மாணவர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். புரத மூலக்கூறு ஒன்று நீரில் எவ்வாறு அசைகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. அணுக்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையையும் தள்ளும் விசையையும் கணக்கிட்டு, அடுத்த கணம் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கும் என்று காணவேண்டும். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் இரண்டு கூறுதான் அந்த ஒரு கணம்! விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்து அசைவைக் காண, இக்கணக்கை 50 கோடி முறை போடவேண்டும்.

இதற்கென அமைந்த செயல்நிரல்களுள் ஒன்று 'கிரோமாக்ஸ்'. நெதர்லாந்து நாட்டுக் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், 1990-களின் தொடக்கத்தில் உருவானது அது. இத்தகைய பெருங்கணக்குக்கு ஒரு கணிப்பொறி போதாது. பலவற்றை இணைத்த தொகுதி வேண்டும். 1994-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில், ஸ்டெர்லிங், பெக்கர் என்னும் இருவர், கடையில் கிடைக்கும் சாதாரணச் செயலிகள் 16-ஐ இணைத்து 'பேவுல்ஃப்' என்ற தொகுதியை அமைத்துக் காட்டினர். இணைந்த செயலிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான 'எம்.பி.ஐ.' என்னும் பொதுவிதியும் அதே ஆண்டில் வெளிவந்தது.

பல்கலைக்கழகத் தொகுதி பலருக்கும் பொதுவானது. எத்தனை செயலிகள், எத்தனை மணி நேரம், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வரிசையில் காத்திருக்க வேண்டும். என் மாணவர் 64 செயலிகள் கேட்டார். முறை வந்தது, கணக்கு ஓடியது. ஆனால் வேகம் ஒரு செயலியின் வேகத்துக்கு மேல் ஏறவில்லை!

செயற்குறிப்பைப் படித்தபின் காரணம் விளங்கிற்று. செயல்நிரலை நிறுவும்போது எம்.பி.ஐ.யை இணைக்க அவர் மறந்துவிட்டார். அதனால் 64 செயலிகளும் ஒன்றையொன்று அறியாமல், ஒரே கணக்கை முதலிலிருந்து தனித்தனியே போட்டுக்கொண்டிருந்தன. "என் நேரம் போனது போகட்டும், ஐயா. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களின் நேரத்தையும் வீணாக்கிவிட்டேனே!" என்று தொலைபேசியில் வருந்தினார். நான் அவரைத் தேற்றவில்லை. "தவறைப் பொறுப்பாளரிடம் சொன்னாயா?" என்றுதான் கேட்டேன். சொல்லிவிட்டதாக விடை வந்தது. அப்போதுதான் எனக்கு மனம் நிறைந்தது.

பிறகு அவர் செயல்நிரலை முறைப்படி மீண்டும் நிறுவினார். இம்முறை பெருங்கணக்கில் உடனே இறங்கவில்லை. சிறிய கணக்கொன்றை 1, 2, 4, 8 என்று செயலிகளைக் கூட்டிக்கொண்டே போய் ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டார். 32-க்குப் பிறகு வேகம் அதிகம் ஏறவில்லை. ஆகவே 32 மட்டுமே கேட்டார்.

ஏன் ஏறவில்லை? பிரிக்க இயலாத பகுதி எந்த வேலையிலும் சிறிதளவாவது இருக்கும். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாயின், ஆயிரம் செயலிகளை அமர்த்தினாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஆம்டால் என்னும் அறிஞர் 1967-இல் எடுத்துரைத்த உண்மை இது. போதாததற்கு, செயலிகள் தம்முள் பேசிக்கொள்ளவும் நேரம் செலவாகிறது.

மாணவர்களே! நாளை உங்கள் கையிலும் இத்தகைய யந்திரங்கள் வரும். சிறிதாகச் சோதியுங்கள், அளந்து பாருங்கள், தேவையானதை மட்டும் கேளுங்கள். யந்திரம் எழுதிவைக்கும் குறிப்பை விடைத்தாளைப்போல் வரி விடாமல் படியுங்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.