மழை நாளில் ஒரு ரயில் பயணம்



லண்டனுக்குச் செல்லும் மலேசியப் பயணிக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது. அன்று பார்த்து விடியும்போதே தூறல். மழை விடட்டும் என்று அவர் விடுதி அறையிலேயே காத்திருக்கிறார். மலேசிய மழை கொட்டி ஓய்ந்துவிடும். இங்கிலாந்து மழையோ நாள் முழுக்கத் தூறும். காத்திருந்தால் பொழுதுதான் போகும்.

பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ரெடிங், சுவிண்டன் கடந்து ஒன்றரை மணி நேரத்தில் பாத் நகரை அடையலாம். பொறியியலாளர் புரூனல் அமைத்த இந்தப் பாதை 1841இல் நிறைவு பெற்றது. பாத்தில் ரோமானியர் கட்டிய குளத்தின் ஊற்றுநீர் சுமார் 46 பாகை வெப்பமுள்ளது. குளிர்ந்த மழை நாளில்தான் அதன் ஆவி நன்றாகத் தெரியும்!

அடுத்து பிரிஸ்டல். அங்குள்ள பழைய தானியச் சந்தைக் கடிகாரத்துக்கு நிமிட முள் இரண்டு. ஒன்று லண்டன் நேரம். மற்றொன்று சுமார் பத்து நிமிடம் பிந்திய உள்ளூர் நேரம். ரயில் வருமுன் ஒவ்வோர் ஊருக்கும் தனி நேரம் இருந்தது. ரயில் அட்டவணைக்காக பிரிஸ்டல் நகரம் 1852இல் லண்டன் நேரத்தை ஏற்றது. பழைய நேரம் காட்டும் முள் இன்றும் இருக்கிறது.

திரும்பும்போது காலணி நனைந்திருக்கலாம். ஆனால் கிடைத்த ஒரு நாள் வீணாகியிருக்காது. கையில் ஒரு குடை போதும், புறப்படுங்கள்.