பிள்ளைக்கு முன்பே வந்து சேரவேண்டிய பதிவேடு



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு. லெட்டூஸ் என்னும் சாலட் கீரைக்குப் பேர்போன இடம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அங்கே அறுவடை நடக்கும். குளிர் தொடங்கியதும் அந்தத் தொழிலே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு பக்கத்து மாநிலமான அரிசோனாவில் உள்ள யூமாவுக்குக் கிளம்பிவிடும். கீரையைக் கழுவிப் பொட்டலம் கட்டும் இயந்திரங்கள்கூட லாரியில் ஏறிப் போகும். பின்னாலேயே அறுவடைக் கூலிகளின் குடும்பங்கள் போகும். வசந்தம் வந்ததும் எல்லோரும் திரும்ப சலினாஸுக்கே வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் சலினாஸில் பள்ளி திறக்கிறது. நவம்பரில் அவள் யூமாவில் இருப்பாள். ஏப்ரலில் மறுபடி சலினாஸ். ஒரே கல்வியாண்டில் இரண்டு மாநிலம், இரண்டு பாடத்திட்டம். சலினாஸில் பின்னப் பாடம் தொடங்குவதற்கு முன்பே அவள் கிளம்பிவிடுகிறாள். யூமாவில் அதை நடத்தி முடித்துவிட்டார்கள். பின்னம் என்ற பாடமே இல்லாமல் அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடலாம். அவளுக்கு அறிவு குறைவு என்று யாராவது ஒரு குறிப்பும் எழுதிவைத்துவிடலாம். அவளுடைய அறிவில் ஒரு குறையும் இல்லை. பாடம் நடந்த நாளில் அவள் வேறு ஊரில் இருந்தாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் ஒரு தனிக் கல்வித் திட்டம் இருக்கிறது. அதன் பின்னணியைச் சொல்கிறேன். 1960 நவம்பரில், அங்கே நன்றி அறிவிப்புத் திருநாளுக்கு மறுநாள், எட்வர்ட் மரோ என்ற புகழ்பெற்ற செய்தியாளர் சிபிஎஸ் தொலைக்காட்சியில் பண்ணைக் கூலிகளின் வாழ்க்கையை ஆவணப்படமாகக் காட்டினார். முந்தின நாள் விருந்துண்டவர்கள், அந்த உணவைப் பறித்துக் கொடுத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்தார்கள். 1966இல், இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகவே கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. இப்போது மீன்பிடித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வேலைக்காகப் பள்ளி மாவட்டம் விட்டு மாவட்டம் போன குடும்பம் என்றால், இருபத்தொரு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 37 கோடி டாலர் ஒதுக்கப்படுகிறது.

பணம் வந்துவிட்டது. யாருக்கு, எதற்குக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது தரவு. தரவு என்றால் கணினித் திரை நம் நினைவுக்கு வருகிறது. இந்தத் திட்டத்தின் தரவோ ஒரு தொழிலாளியின் வீட்டுச் சமையலறையில்தான் பிறக்கிறது.

இதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். வயலில் வேலை முடிந்து, கூலிக் குடியிருப்பில் அடுப்பு மூட்டுகிற நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் பேச்சு நடக்கும். எங்கிருந்து வந்தீர்கள், எந்தத் தேதியில் வந்தீர்கள், என்ன பயிரில் வேலை, பிள்ளைகள் கூடவே வந்தார்களா, பிறகு வந்தார்களா? இவ்வளவையும் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் படிவம்தான் பிள்ளைக்கான தகுதிச் சான்று. படிக்கும் வயதிலும் பள்ளிப் பக்கமே போகாமல் தோட்டத்தில் வேலை செய்யும் இளைஞர்களும் இப்படித்தான் கண்ணில் படுகிறார்கள். பள்ளியில் உட்கார்ந்துகொண்டு கணக்கெடுத்தால் அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

அந்தப் படிவம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் இந்த நாட்டுக் குடிமகனா? பிளைலர் எதிர் டோ என்ற வழக்கில், குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமை பற்றிய கேள்வியைக் கேட்டால் பாதிக் கதவுகள் திறக்கவே திறக்காது. கேட்காமல் விட்டதால்தான் உண்மையான தகவல் கிடைக்கிறது. மக்களிடம் கணக்கெடுக்கப் போகிற எவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

சரி, படிவம் எழுதியாயிற்று. பிள்ளை அடுத்த ஊருக்குப் போகும்போது அவளுடைய விவரம் எப்படிப் போகும்? 1970களின் தொடக்கத்திலேயே இதற்குக் கணினியைப் பயன்படுத்தினார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரத்தில் ஒரு பெரிய கணினி மையம். நாடெங்கும் உள்ள இடம்பெயர் பிள்ளைகளின் மதிப்பெண், தடுப்பூசி விவரம் எல்லாம் அங்கே போகும், அங்கிருந்து பள்ளிகளுக்கு வரும். அந்தக் காலத்துக்கு அது பெரிய முயற்சி. ஆனால் பதிவுகள் அரைகுறையாக இருந்தன, தாமதமாகவும் வந்தன. செர்ரிப் பழம் பறிக்கும் பருவம் சில வாரம்தான். பதிவேடு பள்ளிக்கு வந்து சேரும்போது பிள்ளை அடுத்த ஊருக்குப் போயிருப்பாள். 1990களின் நடுவில் அந்த அமைப்பை மூடிவிட்டார்கள். அடுத்து ஒரு தேசிய ஏற்பாடு 2007இல்தான் வந்தது. மாநிலங்கள் தங்கள் தரவுத்தளங்களிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் அதற்கு அனுப்புகின்றன.

இந்த ஏற்பாட்டுக்காக 2016இல் வந்த விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி, நாள் கணக்கு. ஒரு பிள்ளை தகுதி பெற்றவள் என்று உறுதியானதும் பத்து வேலைநாளுக்குள் அவள் விவரம் தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். அவள் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள் என்று தகவல் வந்தால், முந்தைய மாநிலம் நான்கு வேலைநாளுக்குள் புது விவரத்தைச் சேர்க்க வேண்டும். லிட்டில் ராக்கில் பட்ட பாடு இந்த நான்கு நாளில் தெரிகிறது. நடமாடும் பிள்ளையைப் பற்றிய குறிப்பு பிந்தி வந்தால் அது வெறும் காகிதம்தான்.

மேல்நிலைப் பள்ளியில் இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும். அமெரிக்காவில் பாடத்துக்கு இத்தனை மதிப்பலகு என்று சேர்த்துத்தான் பட்டயம் வாங்க வேண்டும். பெரும்பாலும் அரையாண்டை முடித்தால்தான் அலகு. நவம்பரில் கிளம்பும் மாணவன் மூன்று மாதம் அல்ஜீப்ரா படித்திருந்தாலும் கையில் ஒன்றும் இல்லாமல் போகலாம். புதுப் பள்ளியில் முதலிலிருந்து உட்கார வைப்பார்கள், இல்லையென்றால் படித்த வகுப்பிலேயே திரும்பப் போடுவார்கள். இப்படி இரண்டு ஆண்டு போனால் பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான்? வயலில் கூலியாவது கிடைக்கிறதே என்று போய்விடுவான். இப்போதைய பதிவேட்டில், முடிக்காத பாடத்திலும் எத்தனை மணி நேரம் வகுப்பில் இருந்தான் என்பதைக் குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கிற ஆலோசகர் மிச்சப் பாடத்தை மட்டும் கோடை வகுப்பில் முடிக்கச் சொல்லலாம். ஒரு எண்ணால் ஒருவன் பள்ளியில் தங்குகிறான்.

ஆனால் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவது வேறு, அவர்களுக்கு என்ன தேவை என்று தெரிவது வேறு. பணம் கையில் உள்ள எந்த அலுவலகமும் எளிதில் கைக்கு எட்டுகிறவர்களுக்கே முதலில் கொடுக்கும். ஓரிடத்தில் தங்கிவிட்ட குடும்பம், கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற தாய், மாலை வகுப்புக்கு ஒழுங்காக வருகிற பிள்ளை. எண்ணிக்கை அழகாக இருக்கும், அறிக்கையும் நன்றாக வரும். இதற்காகவே சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கடந்த ஓராண்டுக்குள் இடம்பெயர்ந்து, படிப்பில் தோற்கும் நிலையில் இருக்கிற பிள்ளைக்கு முதல் உரிமை. அதே ஓராண்டுக்குள் இடம்பெயர்ந்து, பள்ளியை விட்டு நின்றுவிட்டவர்களுக்கும் அப்படியே. எத்தனை பேருக்கு உதவினோம் என்று கேட்பதை விட்டு, முதல் உரிமைக்காரர்களில் எத்தனை பேருக்கு உதவினோம் என்று கேட்டுப் பாருங்கள். பல அறிக்கைகளின் முகம் மாறிவிடும்.

ஒவ்வொரு மாநிலமும் தேவைகளை அலசி, அதன்மேல் செயல்திட்டம் வகுத்து, பலனை அளந்து, திட்டத்தைத் திருத்த வேண்டும் என்பதும் விதி. இங்கேதான் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். கோடை வகுப்புக்குப் பிள்ளைகள் வரவில்லை என்று ஒரு எண் சொல்கிறது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவது சுலபம். வராதவர்கள் யார் என்று பெயர் பெயராகப் பார்த்தால், பெரிய பெண்கள் என்று தெரியலாம். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா வயலுக்குப் போனபின் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். அப்படியானால் தேவை மேலும் ஒரு கணக்கு வாத்தியார் இல்லை. கைக்குழந்தைக் காப்பகமும் ஒரு பேருந்தும்.

சில சமயம் குறை பள்ளிக்கு வெளியேயும் இருக்கும். கலிபோர்னியா அரசு பண்ணைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகையில் குடியிருப்புகள் நடத்துகிறது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம்தான் அவை திறந்திருக்கும். மூடியிருக்கும் காலத்தில் குறைந்தது மூன்று மாதமாவது ஐம்பது மைல் தாண்டிப் போய் இருந்தால்தான் அடுத்த ஆண்டு வீடு என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. அதனால், பக்கத்து ஊரில் ஒரு அறை கிடைத்தால்கூட அங்கே தங்க முடியாது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு தூரத்துக்குப் போயே ஆக வேண்டும். பிள்ளை இடையில் நின்றதற்குக் காரணம் அந்த ஐம்பது மைல்! தொழிலாளர் குடும்பங்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் பல ஆண்டுகள் போராடியபின், 2018இல் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு விலக்குக் கிடைத்தது. எத்தனை மாலை வகுப்பு வைத்தாலும் இந்த விலக்குக்கு ஈடாகாது.

தங்கியிருந்து படிக்க முடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஹோஸே ஹெர்னாண்டஸ். மெக்சிகோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வந்த பண்ணைக் கூலிக் குடும்பத்துப் பையன். இரண்டாம் வகுப்பு ஆசிரியை வீட்டுக்கே வந்து, இந்தப் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் படிக்க வையுங்கள் என்று பெற்றோரிடம் சொன்னார். குடும்பம் ஸ்டாக்டன் நகரத்தில் தங்கியது. 2009இல் ஹோஸே டிஸ்கவரி விண்கலத்தில் விண்வெளிக்குப் போனார். ஆசிரியைக்கு அந்தப் பையனைத் தெரிந்திருந்தது. ஊர்விட்டு ஊர் போகிற பிள்ளையை அப்படித் தெரிந்துகொள்ள அடுத்த ஆசிரியருக்குக் காலம் கிடைப்பதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் பதிவேடு.

எண்களுக்கு ஒரு நோயும் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் வருகிறது. ஆகவே தகுதியில்லாத பிள்ளைகளையும் சில இடங்களில் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2000களில் பல மாநிலங்களில் மறுபடி வீடு வீடாகப் போய்க் கேட்டபோது இது வெளிப்பட்டது. 2008 முதல், ஒரு பகுதிக் குடும்பங்களை ஆண்டுதோறும் மறுபடி விசாரித்துச் சரிபார்க்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. பொய்க் கணக்கில் போகிற ஒவ்வொரு டாலரும் வயலோரக் கொட்டகையில் இருக்கும் பிள்ளைக்கு உரியது.

இந்தத் திட்டமே ஆட்டம் கண்டது. 2025 ஜூலையில் மாநிலங்களுக்குப் போகவேண்டிய நிதியை அமெரிக்க அரசு நிறுத்திவைத்து, அந்த மாதக் கடைசியில்தான் விடுவித்தது. 2026ஆம் நிதியாண்டுக்கான வரவுசெலவு யோசனையிலோ திட்டத்தையே நீக்கிவிடச் சொன்னது. குடியேற்றச் சோதனைக்குப் பயந்து கதவைத் திறக்கக் குடும்பங்கள் தயங்கினால், பதிவாகும் எண்ணிக்கை குறையும். குறைந்த எண்ணிக்கையைக் காட்டித் தேவையே இல்லை என்று சொல்வது எளிது. அது நேர்மையான வாதம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். கணக்கில் வராத பிள்ளையும் நவம்பரில் யூமாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டின் நடுவில் ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தால், சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவள் முன்பு படித்த பள்ளிக்கு அன்றைக்கே ஒரு போன் போட்டு, எந்தப் பாடம் வரை நடத்தினீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அவள் கிளம்பும்போது, நீங்கள் எதுவரை நடத்தினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.