காலின் வலி சொல்லும் சேதி

(நூற்றாண்டு விழா மருத்துவ அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தசைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் வலி ஏன் வருகிறது, அதோடு பிரஷரும் ஏன் ஏறுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாடப்புத்தக விசயம் போலத் தோன்றும். ஆனால் இது எங்கள் உம்மாமாரின் கால்களைப் பற்றிய பேச்சு.

இருந்த இடத்திலேயே ஒரு சோதனை செய்வோம். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். மற்றதை மடியில் வையுங்கள். இரண்டு கை விரல்களையும் வேகமாக மடக்கி மடக்கி விரியுங்கள். எது முதலில் கடுக்கிறது? தூக்கிய கைதான். இரண்டுக்கும் வேலை ஒன்றே. மேலே உள்ள கைக்கு இரத்தம் குறைவாகப் போகிறது.

1931இல் இங்கிலாந்தில் தோமஸ் லூயிஸ் என்ற வைத்தியரும் அவரது துணைவர்களும் இதை ஒழுங்காக ஆராய்ந்தார்கள். மேற்கையைப் பட்டியால் இறுக்கி இரத்தத்தை நிறுத்திவிட்டு, கையைப் பொத்திப் பொத்தித் திறக்கச் செய்தார்கள். ஒரு நிமிடத்துக்குள்ளேயே வலி தொடங்கியது. வேலையை நிறுத்தியும் வலி போகவில்லை. பட்டியைத் தளர்த்தியதும் சில விநாடிகளில் போய்விட்டது. ஆகவே, வேலை செய்யும் தசையில் உண்டாகி, கழுவிக்கொண்டு போக இரத்தம் இல்லாமல் தேங்கும் பொருளே வலிக்குக் காரணம் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்த படி கெய்ரோ நகரில் நடந்தது. 1937இல் அலாம், ஸ்மேர்க் என்ற இருவர், இதே போல் இரத்தம் நிறுத்தப்பட்ட தசை வேலை செய்யும்போது குருதியமுக்கம் ஏறுவதைக் கண்டார்கள். வேலை நின்ற பிறகும், பட்டி இறுகியிருக்கும் வரை அமுக்கம் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பட்டியைத் தளர்த்தியதும் இறங்கியது.

இதன் பொருள் என்ன? தசைக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு இழைகள், தேங்கும் இலக்டிக் அமிலம், பொற்றாசியம் முதலியவற்றை உணர்ந்து முள்ளந்தண்டு நாண் வழியாக மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை மற்ற இடங்களின் குருதிக்கலன்களைச் சுருக்கி, அமுக்கத்தை உயர்த்தி, பட்டினி கிடக்கும் தசைக்கு இரத்தத்தைத் தள்ளப் பார்க்கிறது. நாம் நினைத்துச் செய்வதல்ல. இது ஒரு தெறிவினை. கரைவலை இழுப்பவரின் கையிலும், மருதமுனைத் தறியை மிதிப்பவரின் காலிலும் இது நாளாந்தம் நடக்கிறது. நல்ல நாடிகள் உள்ளவருக்கு இதனால் கேடில்லை.

கால் நாடிகள் அடைபட்டவருக்கோ நிலைமை வேறு. பட்டி வெளியில் இல்லை, உள்ளேயே இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் கடுக்கும். நின்றால் சில நிமிடங்களில் தீரும். நடந்தால் மீண்டும் வரும். அந்தச் சிறு நடையிலேயே பிரஷர் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறி, இதயத்துக்குச் சுமையாகிறது. கால் நாடி அடைபட்டவரில் இதய நாடியும் அடைபட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். புகைத்தல், சீனி வருத்தம், பிரஷர், கொழுப்பு ஆகியவையே முக்கிய காரணங்கள்.

எங்கள் பெண்களிடம் இது எப்படி மறைகிறது தெரியுமா? “வயசு போனால் கால் உளையும்தானே” என்று உம்மா நடையைக் குறைத்துக்கொள்வார். நடக்காவிட்டால் வலியும் வராது. சீனி வருத்தத்தில் நரம்பு மரத்திருந்தால் நடந்தாலும் வலி தெரியாமல் போகலாம். பிறகு பெருவிரலில் ஆறாத ஒரு புண்ணோடுதான் வைத்தியசாலைக்கு வருவார். சில வேளை விரலை, சில வேளை காலையே எடுக்க வேண்டி வருகிறது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. கணுக்காலின் அமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் குறைந்தால் அடைப்பு இருக்கிறது என்று எடுக்கலாம்.

மருந்தோடு சேர்ந்த பெரிய சிகிச்சை நடைதான். வைத்தியரிடம் காட்டிய பின், கடுக்கும் வரை நடந்து, நின்று, தீர்ந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாளாவது, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதமாவது தொடர வேண்டும். ஆனால் படுத்திருக்கும்போதும் வலி, காலில் புண், நிறமாற்றம் இருந்தால் நடைப்பயிற்சி அல்ல, உடனே வைத்தியசாலை.

பெண்கள் தனியே நடக்கக் கூச்சப்படும் ஊர் எங்களுடையது. பழைய மாணவிகள் பத்துப் பேர் சேர்ந்தால் கூச்சம் போய்விடும். காலையில் இந்த மைதானத்தைத் திறந்துவிடும்படி சங்கம் அதிபரிடம் கேட்கட்டும். இன்று வீட்டுக்குப் போனதும் உம்மாவின் பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கிறதா, புண் உண்டா, எவ்வளவு தூரம் நடந்தால் நிற்கிறார் என்று கேளுங்கள்.