பேரனுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்து

(புனே கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



வெளியூரில் இருக்கும் நம் குழந்தைகள் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிப்பது பற்றி நாலு வார்த்தை பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் வக்கீல் இல்லை. ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். சிங்கப்பூரில் இருக்கும் என் பெண், மாப்பிள்ளை, அங்கேயே பிறந்த பேரன், இந்த மூவர் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் பிறந்த குழந்தை சிங்கப்பூர்ப் பிரஜை என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தாய் தந்தையரில் ஒருவராவது அந்நாட்டுப் பிரஜையாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. மற்றக் குழந்தைகள் அப்பாவின் வேலை அனுமதியைச் சார்ந்த பாஸில் தங்குகிறார்கள். சரி, நம் தேசத்துப் பிரஜையாகவாவது தானாக ஆகிவிடுமா? அதுவும் இல்லை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யவேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவேண்டும். வருஷம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. என் பேரன் பிறந்தது 2005 மார்ச். புண்யாஹவாசனம், ஆயுஷ்ஹோமம் எல்லாம் நாள் தவறாமல் நடந்தது. இந்தப் பதிவு மட்டும் பதினோராவது மாதத்தில்தான் நடந்தது!

அடுத்தது கல்யாணச் சான்றிதழ். 2002ல் கும்பகோணத்தில் மூன்று நாள் கல்யாணம், நானூறு பேர் சாப்பிட்டார்கள். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெண் சிங்கப்பூர் கிளம்பும் சமயம் பத்திரிகை, மண்டப ரசீது, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் ஆபீஸுக்கு அலைந்தோம். தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணங்களையும் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009ல் வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்கள் இன்னும் பதியாமல் இருந்தால், தயவுசெய்து பதிந்துவிடுங்கள்.

பெயர் விவகாரம் தனிக் கதை. என் பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் என் இனிஷியல், பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் புருஷன் பெயர். மூன்று பேரும் ஒருத்திதான் என்று நோட்டரி முன் அஃபிடவிட் போட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் அலைச்சல்தான், அலைந்தால் தீர்ந்துவிடும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

2008ல் மாப்பிள்ளை நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பித்தார். ஒரே விண்ணப்பத்தில் மனைவியையும், இருபத்தொரு வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத குழந்தைகளையும் சேர்க்கலாம். அதில்தான் விஷயம் இருக்கிறது. சொந்தத் தகுதியில் நிரந்தரவாசியாகும் அப்பாவுக்குத் தேசிய சேவை கிடையாது. அவர் மூலமாக நிரந்தரவாசியாகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டுக்கு மேல் இரண்டு வருஷம் முழுநேரச் சேவை, பிறகும் பல வருஷங்கள் அவ்வப்போது அழைப்பு வரும். பெண் குழந்தைக்கு இது இல்லை. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும்.

பெண் என்னிடம் போனில் கேட்டாள்: "அப்பா, அவனைக் கேக்காம அவனுக்கும் சேர்த்து நாம கையெழுத்துப் போடறோமே, சரியா?" அவனுக்கு அப்போது மூன்று வயது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதினஞ்சு வருஷம் கழிச்சு வர சமாசாரம், சட்டம் மாறினாலும் மாறிடும். இப்போ கையெழுத்தைப் போடுங்கோ." ஒரு கணக்கன் சொல்லக்கூடிய பேச்சா இது? வருவது நிச்சயம் என்று தெரிந்த செலவைப் புத்தகத்தில் எழுதாமலே விட்டேன்.

சட்டம் மாறவில்லை. 2020ல் மாப்பிள்ளையின் வேலை ஆட்டம் கண்டது. பெங்களூருக்குத் திரும்பலாமா என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். பையனுக்குப் பதினைந்து வயது. கிளம்பினால் அவனுக்கு அந்த ஊர்க் கதவு சாத்தின மாதிரி, இருந்தால் ராணுவம். வீட்டில் ஆறு மாதம் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. என் பெண் என்னிடமும்தான். நான் சொன்ன வார்த்தையை அவள் மறக்கவில்லை.

கடைசியில் தீர்மானித்தது பையன். "நான் பிறந்து வளர்ந்த ஊர், என் சிநேகிதர்கள் எல்லாரும் போறா, நானும் போறேன்" என்றான். 2024 தொடக்கத்தில் சேர்ந்தான். அடிப்படைப் பயிற்சி புலாவ் தேகோங் என்ற தீவில். முதல் நாள் பெற்றோரையும் கூட அழைத்துப்போய் இடத்தைச் சுற்றிக் காட்டி, சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்கள். பையனுக்குச் சைவச் சாப்பாடு கிடைத்தது என்பதில் பாட்டிக்குப் பரம திருப்தி. ஆனால் அவனோடு ஒத்த வயது என் பிள்ளை வயிற்றுப் பேத்தி இங்கே என்ஜினீயரிங்கில் இரண்டு வருஷம் முடித்தபோது, அவன் இன்னும் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. அதை நஷ்டம் என்று நான் சொன்னால் அவன் ஒப்புக்கொள்வதில்லை.

மகனை விட்டுவிட்டுப் புருஷன் மனைவி மட்டும் விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்பா வேலை அனுமதியிலிருந்து நிரந்தரவாசத்துக்கு மாறியதும், அதைச் சார்ந்திருந்த பையனுக்கு வேறு பாஸ் தேடவேண்டும். அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம், கட்டணமும் நிரந்தரவாசிகளைவிட அதிகம். சும்மா கிடைக்கும் வழி எதுவும் இல்லை. எதுவானாலும் கையெழுத்துக்கு முன்னாலேயே புருஷனும் மனைவியும் உட்கார்ந்து பேசவேண்டும். பையனுக்குப் பத்து வயது ஆகிவிட்டால் அவனையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாக்களை போனில் கேட்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.

நாங்கள் கொடுத்த காகிதங்களின் பட்டியலை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் டிபனுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். 2008க்குப் பிறகு விண்ணப்பம் கணினி வழிக்கு மாறிவிட்டது. ஆகவே அந்த ஊர்க் குடிநுழைவு ஆணையத்தின் இன்றைய விதியோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.