கரூர் வங்கியும் சிங்கப்பூர் முதலீடும்
(புது தில்லியில் நிகழ்த்தப்பட்ட உரை)

அயல்நாட்டு வங்கி ஒன்று புதிய நாட்டில் காலூன்ற விரும்பினால், கிளை கிளையாகத் திறந்து வளரலாம். அல்லது ஏற்கெனவே இயங்கும் வங்கியை வாங்கலாம். இந்தியாவில் இரண்டாவது வழி நெடுங்காலம் அயலாருக்குள் நடந்த கைமாற்றமாகவே இருந்தது. 1959இல் ஹாங்காங் வங்கி மெர்க்கன்டைல் வங்கியை வாங்கியதும், 2000இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி கிரிண்ட்லேஸை ஆஸ்திரேலிய உரிமையாளரிடமிருந்து பெற்றதும் இவ்வகையைச் சேர்ந்தவை.

2020இல் நிலை மாறியது. 1926இல் கரூர் வணிகர் எழுவர் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி சிறு வணிகர்களை நம்பி வளர்ந்தது. பின்னர் பெருநிறுவனக் கடன்களில் இறங்கி வாராக்கடனில் சிக்கியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதனைத் திருத்த நடவடிக்கைக்கு உட்படுத்தியது. 2020 நவம்பர் 17இல் ஒரு மாதத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டது, கணக்கிலிருந்து ரூ.25,000க்கு மேல் எடுக்க இயலாது. நவம்பர் 25இல் தில்லியில் மத்திய அமைச்சரவை இணைப்புத் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. 27ஆம் நாள், சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்துடன் அது இணைக்கப்பட்டது. தாய் நிறுவனம் ரூ.2,500 கோடி மூலதனம் அளித்தது. அதுவரை சில பத்துக் கிளைகளே கொண்டிருந்த வங்கிக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட கிளைகள் ஒரே நாளில் கிடைத்தன.

சுமார் 20 லட்சம் வைப்பாளர்களின் ரூ.20,000 கோடி காப்பாற்றப்பட்டது. இதன் அருமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் பங்குதாரர்களுக்கு ஒரு காசும் கிட்டவில்லை, ரூ.318 கோடி கடன் பத்திரங்களும் தள்ளுபடி செய்யப்பட்டன. இழப்பை முதலில் தாங்க வேண்டியது பங்கு மூலதனமே என்பது வங்கியியலின் பாலபாடம். இருப்பினும், அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியை அதே சட்டத்தின் அதே 45ஆம் பிரிவின் கீழ்ச் சீரமைத்தபோது பங்குகள் அழிக்கப்படவில்லை. மேலும், கிளைகளுக்கும் தொண்ணூறு ஆண்டு வாடிக்கையாளர் உறவுக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு. அது பங்குதாரர் முன் வைக்கப்படவில்லை. அவர்களின் வாக்கெடுப்பைச் சட்டம் கோரவுமில்லை. அவர்களில் பலர் நீதிமன்றத்தை நாடியதில் வியப்பில்லை.

வைப்பாளர் அச்சத்தில் இருக்கையில் விரைவு இன்றியமையாதது. ஆனால் மதிப்பீட்டைப் பின்னரேனும் வெளியிட்டிருக்கலாம்; அதற்கு அவசரம் தடையன்று.

2025 அக்டோபரில் துபாயின் எமிரேட்ஸ் என்.பி.டி., கோலாப்பூரில் தோன்றிய ஆர்.பி.எல். வங்கியின் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற சுமார் ரூ.26,850 கோடி அளிப்பதாக அறிவித்தது. அங்கு விலை பேசப்பட்டது, பங்குதாரரிடம் ஒப்புதல் கேட்கப்பட்டது; ஏனெனில் விற்கப்பட்டது நலிந்த வங்கியன்று.